ஆம்புலன்ஸ் ஊழியரின் மனக்காயமும் பணிக்காயமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி கிரிக்கெட் மைதானத்து நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். குடும்பங்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது, அது நியாயம். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் உடல்களைத் தூக்குகிற 108 ஆம்புலன்ஸ் பைலட்டுக்கும் (ஓட்டுநர்) மருத்துவ உதவியாளருக்கும் தூக்கம் போய்விட்டால், சைரன் கேட்டாலே கை நடுங்கினால், அதற்கு என்ன வழி? அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் இந்த வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறோம்.

1923-இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் இப்போது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. அதன் தொழில்நோய்ப் பட்டியலில் ஈய நச்சு உண்டு, சிலிகா தூசியால் வரும் நுரையீரல் நோய் உண்டு. மனநோய் ஒன்றுகூட இல்லை. பட்டியலில் இல்லாத நோய் என்றால், வேலையில் நேர்ந்த குறிப்பிட்ட ஒரு விபத்துக் காயத்தால்தான் நேரடியாக வந்தது என்று காட்ட வேண்டும். பத்து வருடம் பிணம் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்துபோனவருக்கு இந்த விதி கதவைச் சாத்திவிடுகிறது. அது அநியாயம். இன்ன நாள், இன்ன சம்பவம் என்று சுட்ட முடிந்தவருக்கு மட்டும் ஓர் இடுக்கு இருக்கிறது. வேலை அழுத்தத்தால் வந்த மாரடைப்பையே விபத்தாக ஏற்ற தீர்ப்புகள் உண்டு.

அந்த இடுக்கில் நுழையக் கையில் தாள் வேண்டும். சம்பவம் நடந்த ஷிஃப்ட் முடிவதற்குள் கேஸ் எண், நேரம், இடம், தான் செய்த வேலை எல்லாவற்றையும் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் "உடம்பு சரியில்லை" என்று போட்டு லீவு எடுப்பதுதான் பின்னால் கழுத்தறுக்கிறது. மனநல மருத்துவரிடம் போனால் சம்பவத்தைச் சொல்லுங்கள். சீட்டில் "தூக்கமின்மை" என்று மட்டும் இருந்தால் வழக்கு நிற்காது. சம்பவத்தின் தேதியும், நோய் பிடிஎஸ்டி (கோரச் சம்பவத்தின் பாதிப்பால் வரும் மனநோய்) என்றால் அதற்குரிய எஃப் 43.1 என்ற சர்வதேச நோய்க் குறியீடும் அதில் இருக்க வேண்டும். கோரிக்கை மனுவுக்கு 2 ஆண்டுதான் கெடு. ஊனச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிடுவது வேறு. தொகை பின்னதை வைத்துத்தான். 35 வயது, கணக்கில் கொள்ளும் சம்பளம் 15,000 ரூபாய் என்று வையுங்கள்: அதில் 60 சதவீதம் 9,000, சட்ட அட்டவணையில் அந்த வயதுக்குரிய காரணி 197.06, பெருக்கினால் திறன் முழுவதும் போனவருக்கு 17,73,540 ரூபாய். திறன் இழப்பு 30 சதவீதம் என்றால் கிடைப்பது 5,32,062.

சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் இந்த வழி கிடையாது, இஎஸ்ஐ அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். அங்கேயும் முதலாளி அனுப்பும் விபத்து அறிக்கைதான் முதல் படி. தீயணைப்புத் துறைபோல் அரசு வேலை என்றால், பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவி குறைக்கவோ கூடாது என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. மனநோயும் அந்தச் சட்டத்தில் ஊனமே.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2016-இல் இதைத் தலைகீழாக்கியது. தீயணைப்பாளருக்கோ ஆம்புலன்ஸ் ஊழியருக்கோ பிடிஎஸ்டி உறுதியானால் அது வேலையால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. நம் பட்டியலிலும் இந்த நோயைச் சேர்க்கும்படி கர்நாடக அரசு டெல்லியை வலியுறுத்த வேண்டும். அதுவரை தன் கையில் இருப்பதையாவது செய்யலாமே. 108 சேவையை நடத்தும் விதிகளில், கோரமான கேஸ் முடிந்த ஊழியருக்குச் சம்பளத்தோடு ஒரு ஷிஃப்ட் ஓய்வு, ஒரு மாதத்துக்குள் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பரிசோதனை, சம்பவப் பதிவேட்டின் நகல் ஆகிய மூன்றையும் நிபந்தனையாக எழுதட்டும்.

இப்படிக்கு,
தொழிலாளர் இழப்பீட்டு மனுக்களில் உதவுவோர்,
அல்சூர், பெங்களூரு