கைநீட்டக் காசு யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குச் சேமிப்பைப் பழக்குவது பற்றி விஷுவை ஒட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உண்டியல் வாங்கிக் கொடுங்கள், வீண்செலவு கூடாது என்று சொல்லிக் கொடுங்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். சரிதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பிள்ளைக்கு வந்த காசு பிள்ளையிடம் இருக்கிறதா?

எங்கள் குமரி மாவட்டத்தில் விஷு அன்று, அதாவது சித்திரை முதல் நாள் காலையில், பழம், பூ எல்லாம் அடுக்கி வைத்த கனியைக் கண்டதும் வீட்டில் மூத்தவர்கள் சின்னவர்களுக்குக் கைநீட்டம் என்று காசு கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் பொங்கல், தீபாவளி, பெருநாள், பிறந்தநாள். இலங்கைத் தமிழர்கள் புத்தாண்டுக்குக் கைவிசேஷம் என்பார்கள். பெயர் எதுவானாலும் அதற்கப்புறம் நடப்பது ஒன்றுதான். "கொண்டா மக்கா, அம்மா பத்திரமா வச்சுத் தாறேன்." சாயங்காலத்துக்குள் அது வீட்டுச் செலவில் கலந்துவிடும்.

அப்பா அம்மா பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மாமா நம் பிள்ளைக்கு நூறு கொடுத்தால், மாமா பிள்ளைக்கு நாமும் நூறு செய்ய வேண்டும். பெரியவர்களுக்கு இது மொய் மாதிரி. வந்தது போனதற்குச் சரியாகிவிடும். ஆனால் அந்தக் கணக்கு பிள்ளைக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை, ஆசையாகக் கொடுத்த ஒன்றை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதை எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்குக் கவுண்டரில் பல வருஷம் உட்கார்ந்தவள் நான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாஸ்புக் போட்டுக் கொடுத்தேன். போன வருஷம் பரணைச் சுத்தம் செய்தபோது என் மகள் மூன்றாம் வகுப்பில் எழுதிய நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்கு. தாத்தா 101, பெரிய மாமா 100, சின்ன அத்தை 51, சுசீந்திரம் ஆச்சி 50, அப்பா 50, பக்கத்து வீட்டு சார் 20. கோடு போட்டுக் கூட்டி 372 என்று எழுதியிருந்தாள். அதன் கீழே, "அம்மாவிடம் கொடுத்தது 372. அம்மா திருப்பித் தந்தது" என்று எழுதி, எண்ணுக்கு இடம் விட்டிருந்தாள். அந்த இடம் அப்படியே கிடக்கிறது. அந்த மாதம் கையில் காசு இல்லை என்று எடுத்தது எனக்கு லேசாக நினைவிருக்கிறது. திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. அவள் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது நிலைமை இன்னும் மோசம். சென்னையிலிருந்து சித்தி, துபாயிலிருந்து மாமா எல்லாரும் அப்பாவின் செல்போனுக்கே கூகுள் பேயில் அனுப்பிவிடுகிறார்கள். "உனக்கு மாமா ஐந்நூறு போட்டிருக்கான்" என்று பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்வதோடு சரி. நோட்டை அது கண்ணால் பார்ப்பதே இல்லை. எண்ணிப் பார்க்காத காசை எப்படிச் சேர்க்கும்?

வழி இல்லாமல் இல்லை. 10 வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கி, தானே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம். தொடங்க 500 ரூபாய் போதும். வங்கிகளும் 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாங்களே கணக்கு நடத்த விடலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இலேயே சொன்னது. 2025 ஏப்ரலில் அந்த விதிகளைத் திருத்தி வெளியிட்டபோதும் அதை உறுதி செய்தது. செல்வமகள் திட்டம்தான் இருக்கிறதே என்பார்கள். நல்ல திட்டம், நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிப் போட வைத்திருக்கிறேன். ஆனால் அது பெண்பிள்ளையின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் பெற்றவர்கள் கட்டுவது. 18 வயது வரை கணக்கை நடத்துவது பெற்றவர்களே. காசைக் கையாளப் பழகும் இடம் அது இல்லை.

பழகுவது என்றால் செலவழிப்பதும் சேர்த்துத்தான். கவுண்டரில் நான் பார்த்த ஒரு பையனைச் சொல்கிறேன். பதினோரு வயசு இருக்கும். தாத்தாவோடு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டு, 150 ரூபாய் எடுத்துப் போனான். ஷட்டில் பேட் வாங்கவாம். அடுத்த வாரம் தனியாக வந்து பாஸ்புக்கை நீட்டினான். "இன்னும் எவ்வளவு இருக்கு?" பேட் நரம்பு அறுந்துவிட்டதாம். மிச்சத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றவன், எடுக்காமலே போய்விட்டான். "மலிவுப் பேட் வாங்காதே" என்று தாத்தா நூறு தடவை சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது.

2018 கேரள வெள்ளத்தின்போது, சைக்கிள் வாங்க உண்டியலில் சேர்த்த ஏறக்குறைய 9,000 ரூபாயை விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி நிவாரணத்துக்குக் கொடுத்தாளே, நினைவிருக்கும். தன் காசு என்று இருந்ததால்தானே அவளால் எடுத்துக் கொடுக்க முடிந்தது?

பள்ளிகளில் சஞ்சயிகா என்று மாணவர் சேமிப்புத் திட்டம் ஒன்று இருந்தது. இன்றைய பெற்றோர் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது. அதைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை போட்டால் நன்றாக இருக்கும்.

இந்த விஷுவுக்கு எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்: போனில் அனுப்பாதீர்கள், வரும்போது நோட்டாகக் கொண்டுவந்து பேத்தியின் கையில் கொடுங்கள். மொத்தம் 1,240 ரூபாய் வந்தது. ஆயிரத்தைத் தன் கணக்கில் போட்டாள். மிச்சம் 240-க்கும் கலர் கலராக மின்னும் பேனாக்கள் வாங்கி வந்தாள். என் மகளுக்கு முகம் சுருங்கியது. ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். நான் உள்ளே போய் அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் பேனாவைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
நாகர்கோவில்.