வாரியக் குடியிருப்புக்குப் பக்கத்தில் வீடு வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் சொந்த வீடு தேடும் பல குடும்பங்கள், பத்திரம் சுத்தமாக, காற்றும் வெளிச்சமும் நன்றாக இருக்கிற வீட்டைக்கூட “பக்கத்திலே ஹவுசிங் போர்டு குடியிருப்பு இருக்கு” என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்று விட்டுவிடுகின்றன. அதே குடும்பங்கள் ஏரி உள்வாயில், அதாவது ஏரித் தண்ணீர் நிற்கும் பகுதியில், பிரித்த மனையை, சுற்றுச்சுவரும் வாசலில் காவலாளியும் இருப்பதைப் பார்த்து, ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிவிடுகின்றன. இது தவறான கணக்கு என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

பலரும் ஹவுசிங் போர்டு என்று பொதுவாகச் சொல்லும் இந்தக் குடியிருப்புகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இத்தனை ஆண்டுகளில் அது கட்டிய குடியிருப்புகள் வடசென்னை முழுக்கப் பரவியிருக்கின்றன. அவை கண்ணில் படாத இடம்தான் வேண்டும் என்றால் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, எர்ணாவூர் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டியிருக்கும். 1970களின் இறுதியில் உலக வங்கி உதவியோடு, வருமானம் குறைந்தவர்களுக்கென்று கொடுங்கையூரிலும் வில்லிவாக்கத்திலும் அரும்பாக்கத்திலும் மனைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. இன்று அந்தத் தெருக்களில் நடப்பவருக்கு அவை நகரத்தின் மற்ற நடுத்தரக் குடியிருப்புகளைப் போலத்தான் தெரியும். முதலில் யாருக்காக ஒதுக்கினார்கள் என்பது ஒரு தெருவின் எதிர்காலத்தை முடிவு செய்வதில்லை. சாக்கடை, தண்ணீர், சாலை மட்டம், காற்று ஆகியவைதான் முடிவு செய்கின்றன.

இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது பாதாளச் சாக்கடை. பழைய மூன்று மாடிக் குடியிருப்புகளை இடித்துவிட்டுப் பல மாடிகளாக மறுகட்டுமானம் செய்யும்போது வீடுகளின் எண்ணிக்கை கூடும். 200 வீடுகள் கூடுகின்றன, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாக வெளியேறும் என்று வைத்துக்கொண்டால், தெருக் குழாயில் தினமும் 86,400 லிட்டர் கூடுதலாக இறங்கும். அதில் பெரும்பகுதி காலை நேரத்தில் ஒரே மூச்சாக வரும். குழாயை மாற்றாமல் கட்டடத்தை மட்டும் உயர்த்தியிருந்தால், அந்தக் குடியிருப்புக்குக் கீழ்ப்பக்கம், அதாவது தாழ்வாக உள்ள தெருவில்தான் மேன்ஹோல் பொங்கும். குற்றம் அங்கே குடியிருக்கும் மக்களுடையது அல்ல, குழாயின் விட்டத்தில் இருக்கிறது. ஆகவே அந்தப் பகுதியின் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியம்) டெப்போவுக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். தெருவில் இருக்கும் குழாய் எத்தனை மில்லிமீட்டர்? மறுகட்டுமானத்தின்போது அது மாற்றப்பட்டதா? கழிவு எந்த உந்து நிலையத்துக்குப் போகிறது, மின்சாரம் போனால் அங்கே ஜெனரேட்டர் ஓடுமா?

தெருவிலேயே தெரியும் அடையாளங்களும் உண்டு. மேன்ஹோல் மூடியைச் சுற்றிக் கருப்புக் கறை, வீட்டு வாசல்களில் செங்கல் அடுக்கிக் கட்டிய தடுப்பு, தரைத்தளக் கழிப்பறையை மட்டும் ஓரடி உயர்த்திக் கட்டியிருப்பது ஆகியவற்றைக் கண்டால் அங்கே கழிவுநீர் ‘ரிட்டர்ன்’ அடிக்கிறது என்று அர்த்தம். மேன்ஹோல் மூடி, வீட்டுக் கழிப்பறைத் தரையைவிட உயரத்தில் இருந்தால் தரைத்தள வீட்டை வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் எதிர்நீர் தடுக்கும் வால்வு பொருத்தும் செலவைப் பேரத்திலேயே கழித்துவிடுங்கள். அந்த வால்வில் தலைமுடியும் துணியும் சிக்கினால் மூடாது. மாதம் ஒருமுறை சுத்தம் செய்தால்தான் பயன். மேன்ஹோல் மூடியை நீங்களே திறந்து பார்க்க வேண்டாம், உள்ளே இருக்கும் விஷவாயு ஆளைக் கொன்றுவிடும்.

அடுத்தது தண்ணீர். தெருவில் தண்ணீர் விடும் நேரத்துக்குப் போய், முதல் பத்து நிமிடத் தண்ணீரை ஒரு பாட்டிலிலும் அதற்குப் பிந்தையதை இன்னொன்றிலும் பிடியுங்கள். முதல் பாட்டில் மட்டும் கலங்கி நாற்றமடித்தால், குழாயில் எங்கோ விரிசல் இருந்து, தண்ணீர் வராத நேரத்தில் சாக்கடை உள்ளே இழுக்கப்படுவதாக இருக்கலாம். வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சும் தெருக்களில் இது இன்னும் மோசமாகும். கழிவு கலந்திருக்கிறதா என்று அறிய ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி கிடைக்கிறது. அதில் தண்ணீரை ஊற்றி 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மாசுபட்ட தண்ணீர் கருப்பாகும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். போர்வெல் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, 2,000க்கு மேல் போனால் குடிக்க ஆகாது. தண்டையார்பேட்டையில் 2013இல் போர்வெல்லில் பெட்ரோலிய எண்ணெய் கலந்து வந்ததை மறந்துவிடக் கூடாது. எண்ணெய்க் குழாய்கள் போகும் தெருக்களில் தண்ணீரை வாளியில் பிடித்து, மேலே படலம் மிதக்கிறதா, வாடை வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

மழையைப் பற்றி விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று, மூன்று வீடு தள்ளி வாடகைக்கு இருப்பவரையும் தெருமுனை மளிகைக் கடைக்காரரையும் கேளுங்கள். கடையின் கீழ்த்தட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே பாதி பதில். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே சாலை போட்டதால் வாசற்படியே ரோட்டுக்குக் கீழே போய்விட்ட வீடுகள் ஏராளம். ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் ஓரத் தெருக்களில் கூடுதல் கவனம் தேவை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மழையில் மூழ்கினால் பிள்ளைகள் பள்ளிக்கு எந்த வழியாகப் போவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

காற்றை ஒரே நாளில் அளக்க முடியாது. ஐப்பசி முதல் தை வரை காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும். அப்போது எண்ணூர், மணலிப் பக்கத்துப் புகை தெற்கே இறங்கும். கொடுங்கையூர் குப்பைமேட்டு வாடை ஆனி, ஆடி மேற்குக் காற்றில் தண்டையார்பேட்டைப் பக்கமும், மாலைக் கடற்காற்றில் கொடுங்கையூர் உட்பகுதிக்கும் போகும். ஆகவே பகலில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மணலியில் காற்றுத்தர அளவீட்டு நிலையம் இருக்கிறது. நுண்துகள் பிஎம் 2.5 ஒரு நாள் சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டின் வரம்பு. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ முதியவரோ இருந்தால், வேறு எந்த விஷயத்தையும்விட இதற்கே முதலிடம் கொடுங்கள்.

பயம் பற்றி. புளியந்தோப்பு என்றதும் முகம் சுளிப்பவர்கள் அங்கே இரவு ஒன்பதரைக்கு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். தெருவிளக்கு எத்தனை எரிகிறது, வேலை முடிந்து திரும்பும் பெண்கள் தனியாக நடக்கிறார்களா, டியூஷன் முடிந்த பிள்ளைகள் வெளியே இருக்கிறார்களா, மதுக்கடை எத்தனை தூரம் என்பதை எல்லாம் கண்ணால் பார்க்கலாம். முதல் தகவல் அறிக்கைகளில் பலவற்றைக் காவல்துறை இணையதளத்திலேயே படிக்கலாம். புரோக்கர் சொல்வதைவிட அது நம்பத் தக்கது. குடியிருப்புக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள். மாடிப்படி விளக்கு எரிந்து, மேல்தொட்டிக்கு மூடி இருந்து, குப்பை அன்றாடம் அள்ளப்பட்டு, குடியிருப்போர் சங்கம் கூட்டம் போடுகிறது என்றால் அது நல்ல அக்கம்பக்கம். பல தனியார் அடுக்ககங்களில்கூட இதெல்லாம் இருப்பதில்லை.

விலைக்கும் ஊகம் வேண்டாம். அதே தெருவில் நாலைந்து வீடுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டால், எந்த ஆண்டு எவ்வளவுக்குக் கிரயமானது என்று தெரிந்துவிடும். வாங்கப்போகும் வீட்டுக்கு 30 ஆண்டு வில்லங்கம், மூலப்பத்திரம், டவுன் சர்வே பதிவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். வாரிய வீட்டுக்குப் பக்கத்தில் வாங்குவது வேறு, வாரிய வீட்டையே வாங்குவது வேறு. ஒதுக்கீட்டு ஆணையை வைத்துக்கொண்டு, பவர் பத்திரத்திலோ நோட்டரி ஒப்பந்தத்திலோ கைமாறும் வீடுகள் உண்டு. ஒதுக்கீடு பெற்றவர் தவணை முழுவதும் கட்டி, வாரியம் அவர் பெயருக்குக் கிரயப் பத்திரம் பதிந்து கொடுத்திருந்தால் மட்டுமே அது அவர் விற்கக்கூடிய சொத்து. இல்லையென்றால் வங்கிக் கடன் கிடைக்காது, ஒதுக்கீடு ரத்தானால் கொடுத்த பணமும் திரும்பாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வாரியத்தின் கோட்ட அலுவலகத்தில் ஒதுக்கீட்டு எண்ணைச் சொல்லி நிலுவையைக் கேளுங்கள்.

வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் ஒரு கோரிக்கை. மறுகட்டுமானம் நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் பழைய வீடுகள் எத்தனை, புதிய வீடுகள் எத்தனை, கழிவுநீர்க் குழாய் எப்போது பெரிதாக்கப்படும் என்ற மூன்று விவரங்களையும் தமிழில் பலகையாக எழுதி வைக்க வேண்டும். குழாய் வேலை முடியும்வரை புதிய வீடுகளுக்குச் சாவி கொடுக்கக் கூடாது. உள்ளே குடிவருபவர்களுக்கும் பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் வரும் சண்டைகளில் பாதி, அந்த ஒரு குழாயால் வருவதுதான்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர்கள், பத்திர எழுத்தர்கள் சிலர்
தண்டையார்பேட்டை, சென்னை