ரூம்மேட்டுக்கு ஒரு கடிதம்

டேய்,

உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நீ இப்போது யாரிடமும் மறைக்காமல் வாழ்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதுவதை நம் ஊர்க்காரர்களும் படிக்கிறார்கள். அதனால் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மயாமியில் கப்பல் ஏறுகிறேன். தனியாக. நாம் போன மாதிரிக் கப்பல் இல்லை. நீ வேண்டவே வேண்டாம் என்றாயே, அது. முழுக் கப்பலும் நம் ஆட்கள், ஆண்களை விரும்பும் ஆண்கள். டிசம்பர் வந்தாலே அந்தப் பயணம் நினைவுக்கு வந்துவிடுகிறது, ஏழு வருடமாக. இந்த முறை பணம் கட்டிய இரவே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்க இத்தனை நாள் ஆகிவிட்டது.

வேண்டாம் என்பதற்கு நீ காரணங்களைச் சேர்த்து வைத்திருந்தாய். 1998இல் சுமார் தொள்ளாயிரம் பேரோடு வரவிருந்த கப்பலை, இவர்கள் ஒழுங்காக நடந்துகொள்வார்கள் என்று நம்ப முடியாது என்று சொல்லி கேமன் தீவுகள் வரவிடவில்லை. 2012இல் டொமினிக்கா என்ற கரீபியன் தீவில், அப்படி ஒரு கப்பலின் பால்கனியில் இருந்த இரண்டு பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. "நமக்கு நடந்தா விசா என்னாகும், யோசிச்சியா?" என்பாய். அந்தப் பயம் பொய் இல்லை. எனக்கும் அதே விசாதான். 2024 ஏப்ரலில் டொமினிக்கா உயர் நீதிமன்றம் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தையே செல்லாது என்று சொன்னபோது, உனக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். உன் நம்பரை எப்போதோ அழித்துவிட்டது அப்போதுதான் உறைத்தது.

ஆக, 2018இல் நாம் போனது குடும்பங்கள் போகிற கிறிஸ்துமஸ் வாரக் கப்பல். செப்டம்பர் 6 அன்று டெல்லியில், நம் மாதிரி உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் 377 தீர்ப்பு வந்தது, அந்த வாரமே நான் டிக்கெட் போட்டேன். கேபினுக்குள் போனதும், அறையைக் கவனித்துக்கொண்ட அந்த கோவாக்காரர் கட்டிலைச் சேர்த்துப் போடவா, பிரித்துப் போடவா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் "பிரிச்சே இருக்கட்டும்" என்று அவரிடம் இந்தியில் சொல்லிவிட்டாய். நடுவில் ஒரு சின்ன மேஜை வந்தது. அவர் இந்தியர் என்பதால்தான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை கதவடியில் போட்டிருந்த நிகழ்ச்சித் தாளில் பேனாவால் வட்டம் போட்டது நீ. அதை நான் மறக்கவில்லை. பிங்கோவுக்கும் சல்சா வகுப்புக்கும் நடுவில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'டோரத்தியின் நண்பர்கள், இரவு 8 மணி.' நம் ஆட்களைக் குறிக்கும் பழைய சங்கேதச் சொல். லிப்டில் போகும்போது என் காதோடு அந்த அமெரிக்கக் கடற்படைக் கதையைச் சொன்னாய். யாரோ டோரத்தி என்று நிஜமாகவே ஒரு பெண் இருப்பதாக நினைத்து, அவளைப் பிடித்தால் எல்லோரையும் பிடித்துவிடலாம் என்று அதிகாரிகள் தேடினார்களே, அந்தக் கதை. சிரித்துச் சிரித்து உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நீல அரைக்கைச் சட்டை போட்டிருந்தாய். நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தது.

அந்தச் சின்ன பார். ஓரத்தில் ஒரு வட்ட மேஜை, ஐந்து பேர். அதில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் நம்மைப் பார்த்ததுமே எழுந்து, பக்கத்து மேஜையிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். நாம் யார் என்று கேட்கக்கூட இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, நீங்க தமிழா?"

டெக்சாஸிலிருந்து வந்த குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி. நீ ஒரு அடி தள்ளி நின்றாய். ஒரே ஒரு அடி. "ஆமாங்க. இவர் என் ரூம்மேட்." அப்புறம் எந்த ஊர், எந்தக் கம்பெனி, எப்போது கல்யாணம். அவர்களோடு ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தோம். பாட்டி தன் பையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷி. அந்த இரண்டு நாற்காலிகளும் வெகுநேரம் காலியாகவே இருந்தன. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நீதான் என்னைத் தடுத்தாய் என்று இத்தனை வருடம் நண்பர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். மறுநாள் காலைச் சாப்பாட்டு வரிசையில் அந்தத் தாடிக்காரர் என்னிடம், "இன்றும் எட்டு மணிக்குத்தான்" என்றார். அவரும் பக்கத்தில் நின்றவரும் முப்பத்தொரு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறவர்களாம். சரி என்றேன். போகவில்லை. அன்று நீ தூங்கிக்கொண்டிருந்தாய், என்னைத் தடுக்க யாருமே இல்லை. இதை உன்னிடம் நான் சொன்னதில்லை. மன்னித்துக்கொள்.

மெக்சிகோவின் கோசுமெல் தீவில் சொல்லாமல் இறங்கிப் போனதற்கும் சேர்த்து. உன்னைத் தவிக்க விட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் நான் வேறென்ன செய்திருக்க முடியும், சொல்? ரூம்மேட் எங்கே போனால் உனக்கென்ன? கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஓடி வந்தபோது நீ கப்பலுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தாய். முகம் கறுத்துப் போயிருந்தது. அத்தனை பேர் முன்னால் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. டெக்சாஸ்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். நீ கவனித்தாயா என்று தெரியாது.

அந்தப் பிடியை நம்பித்தான் மேற்கொண்டு பதினோரு மாதம் உன்னோடு இருந்தேன்.

போன ஜூனில் யாரோ அனுப்பிய டொராண்டோ ஊர்வலப் படத்தில் உன்னைப் பார்த்தேன். அவர் தோளில் உன் கை. நன்றாகச் சிரிக்கிறார். நீ இளைத்திருக்கிறாய், ஒழுங்காகச் சாப்பிடு. படத்தைப் பெரிதாக்கி உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தைரியத்தை எங்கே வைத்திருந்தாய்? ஆறு வருடம் உன்னோடு வாழ்ந்தவனுக்கு ஒரு நாற்காலி வரைக்கும் வராத தைரியம், அவருக்கு நடுத்தெருவில் வருகிறது. அவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைக்கிறேன். படித்துக் காட்டினால் இந்தப் பத்தியை விட்டுவிடு. அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

பதிவுப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. தனியாக வருகிறவர்கள் இரண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டும், வேண்டுமானால் ரூம்மேட் தேடித் தருகிறோம் என்று. அந்த வார்த்தையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்து இரண்டு பேர் பணத்தையும் கட்டினேன். கட்டிலைச் சேர்த்தே போடச் சொல்லியிருக்கிறேன்.

ஆயிரக்கணக்கான ஆண்கள் நடுவில் எனக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாது. உடம்பைச் செதுக்கிய இளைஞர்கள் கூட்டத்தில் நாற்பத்தி மூன்று வயதில், இந்த நிறத்தில், என்னை யாராவது உட்காரச் சொல்வார்களா என்று பயமாகத்தான் இருக்கிறது. முதல் நாள் இரவே தனியாக வந்தவர்களுக்கு ஒரு சந்திப்பு வைக்கிறார்களாம். அதற்குப் போவேன். கொஞ்சம் முன்னாலேயே போய், எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைப்பேன்.

அந்த நீலச் சட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துப் போகவா என்று யோசித்தேன். வேண்டாம், உனக்கே அனுப்பிவிடுகிறேன். விலாசம் மட்டும் அனுப்பு. ஞாயிறு நாலு மணிக்குக் கப்பல் கிளம்பும், அதற்கப்புறம் சிக்னல் இருக்காது.