கோட்டு தந்த ஆயாவுக்கு

அன்புள்ள ஆயா,

இதை நீங்கள் படிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தமிழ் காதில்தான் இருக்கிறது, கண்ணில் இல்லை. பேத்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனை ஸ்பீக்கரில் போடுவாள், நானே வாசித்துக் காட்டுகிறேன். அப்புறம் எதற்கு ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்து, வந்த இடத்தில் வேலை போய், ஏதோ ஒரு பின்னறையில் போர்வைக்குள் கிடக்கிற பையன் எவனாவது கண்ணில் பட்டால் படிக்கட்டுமே என்றுதான்.

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே இந்த லெனேசியாவில் குளிர் இறங்கிவிட்டது. டர்பனுக்குப் போய்விட்ட உங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். இங்கே ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. விடிந்தால் மேகமே இல்லாத நீலம், வெயில் பளீரென்று அடிக்கிறது, ஆனால் சூடு இல்லை. சொவெட்டோ பக்கம் இருக்கிற புல்வெளி முழுக்க வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது, அங்கங்கே தீ வைத்துக் கறுப்புப் பட்டையாகக் கிடக்கிறது. வேலியோரம் உங்கள் கற்றாழை மட்டும் சிவப்புச் சிவப்பாகப் பூத்திருக்கிறது. தேன்சிட்டு வந்து தொங்குகிறது. மற்றதெல்லாம் செத்ததுபோல் இருக்கும்போது இதற்கு மட்டும் என்ன வந்தது என்று, உங்கள் வீட்டுப் பின்னறைக்கு வாடகைக்கு வந்த முதல் வருஷம் கேட்டேன். "அதுக்கு இதான் டைம், மை பாய்" என்றீர்கள், அவ்வளவுதான்.

நாசரேத் பக்கத்துப் பையன் நான். திருநெல்வேலிச் சீமையின் தேரிமண்ணில் வளர்ந்தவனுக்குப் பனி என்றால் மார்கழியில் அம்மா தலையில் கட்டிவிடும் துண்டு, அத்தோடு சரி. ஞானஸ்நானம் ஆறாம் மாதத்தில், பாடகர் குழு பத்து வயதில். தலைமுறைக் கிறிஸ்தவன். அதாவது, ரேஷன் கார்டில் பெயர் இருப்பதுபோல சபைப் பதிவேட்டிலும் பெயர் இருந்தது. அதற்கு மேல் அதில் எனக்கென்று எதுவும் இருந்ததாக நினைவில்லை. ஜோகன்னஸ்பர்க் வந்தபிறகு அதுவும் உதிர்ந்தது. வருத்தப்பட்டதாகவும் நினைவில்லை.

2023 மே மாதம் கம்பெனியில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். விசா வேலையோடு கட்டப்பட்டது, வேலை போனால் அதுவும் ஆட்டம் காணும். ஊரில் அப்பாவுக்கு டயாலிசிஸ். வீட்டுக்கு ஒன்றும் சொல்லாமல், இருந்த சேமிப்பிலிருந்து மாதா மாதம் வழக்கம்போலப் பணம் அனுப்பினேன். உங்களிடம் பாதி வாடகைக்கு அவகாசம் கேட்டு வந்து நின்றேன். நீங்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ இந்தியாப் பையன்தானே, தமிழ் படிப்பியா?" என்று கேட்டீர்கள்.

பாதி வாடகைக்கு நான் செய்த வேலை அதுதான். உங்கள் அம்மாவின் பைபிள் அலமாரியில் துணி சுற்றி இருந்தது. 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்ததில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக, பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக்கு, எண் போட்டு இறக்கினார்களே, அதில் ஒரு எண் உங்கள் தாத்தா. பைபிளின் கடைசித் தாளில் அந்த எண்ணைப் பென்சிலில் எழுதி வைத்திருந்தார்கள். உங்கள் தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் இங்கிலீஷில். தமிழ் வேண்டுமென்றால் கோயிலையும் சங்கத்தையும் ஒட்டிய சாயங்கால வகுப்பு, அதற்கும் பெண்பிள்ளையை அனுப்பவில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் பெரிய சொத்து அந்தப் புத்தகம், ஆனால் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. நம்பிக்கை உள்ள நீங்கள் கேட்க, நம்பிக்கை இல்லாத நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்தேன். அந்த வருஷம் லோட் ஷெட்டிங் என்கிற மின்வெட்டு ஆறாம் நிலை வரை போனதே, மெழுகுவர்த்திக்குக் குறைவே இல்லை.

உங்களிடம் சொன்னதில்லை, ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. பழைய மொழிபெயர்ப்பின் "பண்ணுவாயாக", "அல்லவோ" எல்லாம் ஞாயிறு பள்ளி வாசனையோடு திரும்பி வந்தன. நீங்கள் பாதிக்கு மேல் புரியாமல், புரியாத இடத்திலும் தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள். அம்மாவின் குரல் கேட்கிற மாதிரி இருக்கு என்று ஒருநாள் சொன்னீர்கள். சரி, கிழவிக்காக வாசிக்கிறோம் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

ஜூன் கடைசியில், பவுல் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் கடிதத்தில் நான்காம் அதிகாரத்துக்கு வந்தோம். போராட்டம், ஓட்டம், கிரீடம் என்று பிரசங்கத்தில் ஆயிரம் தடவை கேட்ட பகுதி. அதைத் தாண்டினால் பவுல் திடீரென்று சாமான் பட்டியல் போட ஆரம்பிக்கிறார். துரோவாவில் கார்ப்பு வீட்டில் என் மேலங்கியை விட்டுவிட்டு வந்தேன், வரும்போது எடுத்துக்கொண்டு வா, புத்தகங்களையும் கொண்டுவா. கொஞ்சம் கீழே, மாரிகாலத்துக்கு முன்னால் வந்துவிடப் பார். நான் கடகடவென்று தாண்டிப்போக இருந்தேன். நீங்கள் கையை நீட்டி நிறுத்தினீர்கள்.

"ஜெயில்லயா இருக்காரு?"

"ஆமாம் ஆயா."

"குளுருதா அவருக்கு?"

"குளிரும்போல."

"பாவம்" என்று எழுந்து உள்ளே போனீர்கள். தண்ணீர் குடிக்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். உங்கள் வீட்டுக்காரரின், அதாவது தாத்தாவின், கறுப்புக் கோட்டோடு வந்தீர்கள். நாஃப்தலின் வாசனை. "அவருக்கு யாரு கொண்டுபோய் குடுத்தாங்களோ. நீ போட்டுக்கோ. ரெண்டு வாரமா அந்தப் பிளாங்கட்ட சுத்திக்கிட்டு நடக்கிறே, நான் பாக்கலேன்னு நினைக்கிறியா?"

1970களில் நிறவெறி அரசு ஜோகன்னஸ்பர்க்கின் பேஜ்வியூ பகுதியிலிருந்து இந்தியர்களை அப்புறப்படுத்தி லெனேசியாவில் கொண்டுவந்து போட்டபோது, தட்டுமுட்டுச் சாமானோடு லாரியில் தாத்தா போட்டுக்கொண்டு வந்த கோட்டு அது என்று அப்புறம்தான் சொன்னீர்கள். அன்றைக்கும் குளிர்காலமாம்.

அறைக்குப் போய்க் கோட்டோடு படுத்தேன். தூக்கம் வரவில்லை. மூன்றாம் வானம் வரை எடுத்துக்கொள்ளப்பட்டதைப் பற்றி எழுதினவர், கடைசியில் எனக்குக் குளிருகிறது, கோட்டை எடுத்துவா என்று எழுதுகிறார். அதை வேதத்திலிருந்து யாரும் வெட்டவில்லை. அந்தக் கடிதத்தைப் பவுலே எழுதினாரா என்று படித்தவர்கள் சண்டை போடுகிறார்கள். போடட்டும், அந்தக் கோட்டை யாரும் கற்பனை பண்ணி எழுதியிருக்க முடியாது என்பது என் கட்சி. இத்தனை வருஷமாக ஜெபம் என்றால் நல்ல தமிழில், நல்ல பிள்ளையாகப் பேச வேண்டிய ஒன்று என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வாயில் வந்தது இரண்டே சொல்: "ஆண்டவரே, குளிருது." அதுதான் நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம். பதில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

ஜூலை 10 ஞாபகம் இருக்கிறதா? திங்கட்கிழமை. 2012 ஆகஸ்டுக்குப் பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் பனி பெய்தது. தெருப்பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓட, நீங்கள் செருப்போடு வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டி, "தேங்காத் துருவல்" என்றீர்கள். அன்று ராத்திரி, இது பைபிளில் இருக்கா என்று கேட்டீர்கள். 147ஆம் சங்கீதத்தை எடுத்தேன். ஆண்டவர் பஞ்சைப்போல் உறைந்த மழையைத் தருகிறார், சாம்பலைப்போல் உறைபனியைத் தூவுகிறார் என்று வருகிறது. பனி பெய்து பார்த்திராத நாட்டுக்காக அதை "உறைந்த மழை" என்று தமிழாக்கிய புண்ணியவான்களை நினைத்துச் சிரித்தேன். சாம்பலில்தான் சிரிப்பு நின்றது. அந்த மாதம் முழுக்க, காலையில் எதிர்வீட்டுக் கூரையில் கிடக்கும் சாம்பல் நிறம் உறைபனியா, ராத்திரி எரிந்த புல்லின் சாம்பலா என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. வெயில் ஏறி, அது உருகினால்தான் தெரியும்.

இன்னொன்று. நம் பைபிளில் குளிர்காலத்துக்கு மாரிகாலம் என்று பெயர். மாரி என்றால் மழை. பவுல் இருந்த பக்கமும் இயேசு நடந்த பக்கமும் குளிரும் மழையும் சேர்ந்தே வரும். இங்கே குளிர்காலத்தில் பெரும்பாலும் ஒரு சொட்டு கிடையாது, மழையெல்லாம் கோடையில். ஈஸ்டர் இலை உதிரும்போது வருகிறது, கிறிஸ்துமஸ் வேர்க்கிறது. எழுதியிருப்பதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நின்று அதை நம்பவேண்டியிருக்கிறது. எனக்கு அது சௌகரியமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பரில் வேலை கிடைத்ததும் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எல்லாருக்கும் வேலை கிடைத்த கதைதான் வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்தது ஜூனில் என்று சொன்னால் புரியவில்லை. அதோடு, நடுவில் ஆகஸ்ட் இருக்கிறதே. அப்பா ஆகஸ்டில் போனார். என் பாஸ்போர்ட் ஒரு அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. அடக்கத்தை நான் போனில் பார்த்தேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். ஆறுதல் வசனம் ஒன்றும் சொல்லவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தீர்கள். அந்த வாரம்தான் பின்வாசல் பீச் மரம் ஒரு இலைகூட இல்லாமல் ரோஸ் நிறத்தில் பூத்துத் தொலைத்தது. அதன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். பீச்சுக்குப் போதுமான குளிர்நாள் கிடைக்காவிட்டால் சரியாகப் பூக்காது என்று பின்னால் படித்து, உங்களிடம் வந்து பெரிய உவமை சொல்லப் பார்த்தேன். "பீச் பீச்சுதான், மை பாய். உங்கப்பா உங்கப்பா" என்றீர்கள். பிரசங்கிகள் உங்களிடம் பாடம் கேட்கலாம்.

தீமோத்தேயு மாரிகாலத்துக்கு முன் போய்ச் சேர்ந்தானா என்று ஒருநாள் உங்களிடம் கேட்டேன். வேதத்தில் அது இல்லை. நீங்கள் யோசித்துவிட்டு, "வந்திருப்பான். வரலேன்னா வேற யாராச்சும் குடுத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்தியை அணைத்தீர்கள்.

ஞாயிறு வாசிப்பு ஏசாயா 55க்கு வந்திருக்கிறது, அதிலும் உறைந்த மழை வருகிறது. அப்புறம், கோட்டின் இரண்டாவது பித்தான் போன வாரம் டாக்ஸி ஏறும்போது தெறித்துவிட்டது. கறுப்பு, நாலு ஓட்டை. உங்கள் பிஸ்கட் டின்னில் அதே மாதிரி ஒன்று பார்த்த ஞாபகம். டின்னை டர்பனுக்குக் கொண்டுபோனீர்களா, இல்லை இங்கேதான் எங்கேயாவது இருக்கிறதா?

உங்கள்,
பின்னறைப் பையன்