வெளிநாட்டில் ஒரு வருடம் படிக்க வீட்டில் கேட்கப்போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நீ கேட்டதும் அப்பா "அதெல்லாம் வேண்டாம்" என்று முடித்துவிட்டார், அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருந்தாய். வரும் ஞாயிற்றுக்கிழமை ஸ்லைடு போட்டுக் காட்டப்போகிறாயாம். அதை மூன்று மாதமாவது தள்ளிப்போடு. உன் ஸ்லைடில் இருப்பதெல்லாம் உனக்கு என்ன கிடைக்கும் என்பதுதான்: மொழி, தன்னம்பிக்கை, உலக அனுபவம். அதையெல்லாம் அவர்கள் மறுக்கவே இல்லையே! அவர்கள் மனதில் ஓடுவது வேறு. ராத்திரி 2 மணிக்கு இவளுக்குக் காய்ச்சல் அடித்தால் யார் எழுந்து வருவார்கள்? அந்தக் கேள்விக்குப் பெயரும் போன் நம்பரும் கொண்ட பதில் உன் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்லைடு எத்தனை அழகாக இருந்தாலும் பயனில்லை.

முதல் வேலை, எதற்காக மறுக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. "ஏன் விடமாட்டீர்கள்?" என்று கேட்காதே, அது சண்டையில் முடியும். "நான் போனால் உங்களுக்கு எது ரொம்பக் கவலையாக இருக்கும்?" என்று கேள். அம்மாவிடம் தனியாக, அப்பாவிடம் தனியாக. இருவர் பதிலும் ஒன்றாக இருக்காது. ஒருவருக்குப் பாதுகாப்பு, இன்னொருவருக்குப் பணம் அல்லது வீணாகப் போகும் வருடம். வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டு வா. அங்கேயே பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதிக் கவலையை உன்னிடம் சொல்லாமலேயே விட்டுவிடுவார்கள்.

அடுத்தது, "வெளிநாட்டில் படிக்கிறேன்" என்ற பேச்சை விடு. அதில் குறைந்தது நான்கு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன, செலவும் விதியும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஏஎஃப்எஸ் போன்ற மாணவர் பரிமாற்ற அமைப்புகள் மூலம் ஒரு வருடமோ அரை வருடமோ ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிப்பது ஒன்று. ரோட்டரி இளைஞர் பரிமாற்றம் இன்னொன்று. 15 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு. உள்ளூர் ரோட்டரி கிளப் மூலமாகத்தான் விண்ணப்பம். பெற்றோர் ரோட்டரி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. தங்குமிடம், சாப்பாடு, பள்ளி எல்லாம் அங்குள்ள கிளப்பும் குடும்பங்களும் பார்த்துக்கொள்ளும். விமானம், காப்பீடு, விசா உன் வீட்டுச் செலவு. மூன்றாவது, யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ். முதல் கல்லூரி 1962-ல் வேல்ஸில் தொடங்கியது. இரண்டு வருட ஐபி டிப்ளமா (பல நாடுகளில் ஏற்கப்படும் மேல்நிலைப் பள்ளிப் படிப்பு), விடுதி வாழ்க்கை, நம் நாட்டிலுள்ள அதன் தேசியக் குழு வழியாகத் தேர்வு, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை. நான்காவது, நேராகக் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் சேர்வது. பையில் பணம் இருப்பவர்களுக்கான வழி அது. இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இந்த நாடு, இத்தனை மாதம், இந்த அமைப்பு என்று சொன்னால்தான் அப்பாவால் எதையாவது பரிசீலிக்கவே முடியும்.

அமெரிக்கா என்றால் விசா வகையில் பலர் இடறுகிறார்கள். பரிமாற்ற மாணவருக்கு ஜே-1, கட்டணம் கட்டிச் சேர்பவருக்கு எஃப்-1. எஃப்-1-ல் அரசுப் பள்ளியில் மொத்தம் 12 மாதம்தான் படிக்கலாம், அதுவும் பள்ளிக்கு ஆகும் முழுச் செலவையும் நீங்களே கட்டி. ஏற்கெனவே எஃப்-1 அல்லது ஜே-1 விசாவில் அங்கே பள்ளியில் படித்துவிட்டால் பிறகு ஜே-1 பள்ளித் திட்டத்துக்கு வாய்ப்பு போய்விடும். ஆகவே, "இப்போதைக்கு இதில் போ, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடு.

இப்போது காய்ச்சல் கேள்விக்கு வருவோம். ஒரே ஒரு தாள். மேலே உன் பெயர், ரத்த வகை, ஒவ்வாமை. அதன் கீழே யாரை எந்த வரிசையில் கூப்பிடுவது: தங்கும் குடும்பம், உள்ளூர் ஒருங்கிணைப்பாளர், அமைப்பின் 24 மணி நேர அவசர எண், காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண், அந்த நாட்டிலுள்ள நம் தூதரகம். இன்னும் பெயர்கள் தெரியாத இடத்தைக் காலியாக விட்டு, "ஏற்றுக்கொண்ட பிறகு வரும்" என்று எழுது. அந்தக் காலி இடத்தை மறைக்காதே. அம்மாவின் கண் முதலில் அங்கேதான் போகும்.

ஒருங்கிணைப்பாளர் என்றால் யார் என்பதையும் விளக்கிச் சொல்ல வேண்டும். அமைப்பின் சார்பில் அங்கே உன்னைக் கவனித்துக்கொள்பவர் அவர். அமெரிக்க ஜே-1 விதிப்படி அவர், நீ தங்கும் வீட்டிலிருந்து 120 மைலுக்குள் வசிக்க வேண்டும், மாதம் ஒரு முறையாவது உன்னோடு பேச வேண்டும். குடும்பத்தை வீட்டுக்கே போய் நேர்காணல் செய்வார்கள். வீட்டில் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவர் மீதும் குற்றப் பின்னணிச் சோதனை நடக்கும். நீ போய்ச் சேர்ந்த முதல் இரண்டு மாதத்துக்குள், குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தவர் அல்லாத இன்னொருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்: ஜே-1 குடும்பத்துக்குப் பணம் தரப்படுவதில்லை. ஆகவே அந்தத் திட்டத்தில் "குடும்பத்துக்கு வாடகை" என்று தனியாக யாராவது கேட்டால் சந்தேகப்படலாம். அதே சமயம் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஹோம்ஸ்டே குடும்பத்துக்கு மாதாமாதம் கட்டுவதுதான் வழக்கம். அங்கே அது தவறில்லை.

மற்ற நாடுகளிலும் "இந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு" என்ற கேள்விக்கு ஒரு காகிதம் இருக்கிறது. கனடாவில் 17 வயதுக்குக் கீழே பெற்றோர் இல்லாமல் வந்தால், அந்த நாட்டுக் குடிமகனோ நிரந்தர வசிப்பாளரோ ஒருவர் காப்பாளராக இருக்க வேண்டும். அவரும் பெற்றோரும் நோட்டரி முன் கையெழுத்திட்ட படிவம் விசா விண்ணப்பத்தோடு போகும். ஆஸ்திரேலியாவில் உறவினர் இல்லையென்றால், தங்குமிடத்துக்கும் நலனுக்கும் பொறுப்பேற்பதாகப் பள்ளியே கடிதம் தரும். பிரிட்டனில் காப்பாளர் நிறுவனங்களைச் சோதித்து அங்கீகரிக்க ஏஜிஸ் என்ற அமைப்பு உண்டு. அமெரிக்காவுக்கு, வெளியுறவுத் துறையின் அதிகாரபூர்வ அமைப்புகள் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி மோசடி கழிந்துவிடும். அந்தப் பட்டியலை அப்பாவையே திறந்து பார்க்கச் சொல். நீ பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதைவிட அவர் தேடிக் கண்டுபிடித்தது அவருக்கு நம்பிக்கை தரும்.

கெட்ட செய்தியை நீயே முதலில் சொல்லிவிடு. பலர் இதைச் செய்யாமல்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். பரிமாற்றத் திட்டத்தில் ஊரையும் குடும்பத்தையும் பெரும்பாலும் நீ தேர்ந்தெடுக்க முடியாது. பெரிய நகரம் என்று நினைத்துப் போனால் சின்ன ஊராக இருக்கலாம். அமெரிக்க ஜே-1-ல் ஆகஸ்ட் 31 வரை குடும்பம் ஒதுக்கலாம்; பையைக் கட்டிவிட்டு எந்த வீடு என்று தெரியாமல் காத்திருக்க நேரலாம். நடுவில் பெற்றோர் வந்து பார்ப்பதைப் பல அமைப்புகள் விரும்புவதில்லை. குடும்பம் ஒத்துப்போகாமல் வீடு மாற வேண்டி வரலாம். ரோட்டரியில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் தங்குவதே சாதாரணம். விதியை மீறினால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணம் பெரும்பாலும் போனதுதான். இதையெல்லாம் மூன்று வாரம் கழித்து அப்பாவே இணையத்தில் படித்தால், "இவள் நம்மிடம் மறைத்தாள்" என்று ஆகிவிடும். நீ சொல்லிவிட்டால் அதே செய்தி உனக்குச் சாதகம்.

பள்ளி விஷயத்தில் வாய்ச்சொல்லை நம்பாதே. அங்கே படித்த வருடம் இங்கே கணக்கில் வருமா என்பதை உன் பள்ளி முதல்வரும் கல்வி வாரியமும்தான் சொல்ல வேண்டும். பரிமாற்ற அமைப்பு சொல்ல முடியாது. பல இடங்களில் வராது. திரும்பி வந்து அதே வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும். அங்கே பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழ் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் பரிமாற்ற மாணவருக்கு இல்லை. முதல்வரிடம் மூன்று கேள்வி எழுத்தில் கேள்: என் இடம் காத்திருக்குமா, எந்த வகுப்பில் சேர்த்துக்கொள்வீர்கள், எந்தெந்தப் பாடங்களை அங்கே கட்டாயம் எடுத்திருக்க வேண்டும்? பதிலும் எழுத்தில் வேண்டும், பள்ளி முத்திரையோடு. போகும் முன் இந்தக் கடிதத்தை வாங்காதவர்கள் திரும்பி வந்த பிறகு மாதக்கணக்கில் அலைகிறார்கள். கல்வியாண்டின் தொடக்கத்தையும் பார்த்துக்கொள். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆகஸ்ட், செப்டம்பர், ஜப்பானில் ஏப்ரல், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஜனவரி கடைசி, பிப்ரவரி. இறுதித் தேர்வு வருடத்தின் நடுவே விழுகிற திட்டத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றால், மறுப்பது அவர்கள் தவறில்லை.

பணத்துக்கு ஒரு கணக்குத் தாள், மூன்று பத்தி: திட்டக் கட்டணத்துக்குள் அடங்கியது, அடங்காதது, திரும்பக் கிடைப்பது. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. விண்ணப்பக் கட்டணம் திரும்புமா, முன்பணம் எந்தத் தேதி வரை திரும்பும், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு போகும் என்று அமைப்பின் ஒப்பந்தத்தில் இருக்கும், படித்து எடு. அடங்காத பத்தியில் பலர் விட்டுவிடுவது: விசா நேர்காணலுக்குப் போய்வரும் செலவு, தடுப்பூசி, ஆவண மொழிபெயர்ப்பு, நோட்டரி, குளிர் உடை, பள்ளிப் பேருந்து, மதிய உணவு, கைச்செலவு, கூடுதல் பெட்டி. மொத்தத்தில் நூற்றுக்கு 15 கூட்டிக்கொள், நாணய மாற்று விகிதம் உனக்காக நிற்காது. காப்பீட்டில் உச்சத்தொகையைப் பார்ப்பதற்கு முன் விலக்குகளைப் பார். ஏற்கெனவே உள்ள நோய், பல், விளையாட்டுக் காயம், மனநல ஆலோசனை ஆகியவை அடிக்கடி விட்டுப்போகும். வீட்டை அடகு வைத்துத்தான் அனுப்ப முடியும் என்ற நிலை என்றால் கட்டணப் பள்ளிப் பேச்சையே எடுக்காதே.

தடுப்பூசி என்றதும் நினைவுக்கு வருகிறது. குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டையை இப்போதே தேடி எடு. அமெரிக்கப் பள்ளிகளில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி இரண்டு தவணை போட்டதற்கு ஆதாரம் கேட்பார்கள். இல்லையென்றால் வகுப்பில் சேர்ப்பது தள்ளிப்போகும். தொடர்ந்து மாத்திரை சாப்பிடுகிறாய் என்றால் அந்த நாட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று பார். ஆம்ஃபெடமைன் (கவனக்குறைபாட்டுக்குத் தரும் சில மாத்திரைகளில் இருக்கும் பொருள்) கலந்த மருந்தை ஜப்பான், மருத்துவர் சீட்டு இருந்தாலும் உள்ளே விடாது. பாஸ்போர்ட், நீ திரும்பும் தேதிக்குப் பிறகும் 6 மாதம் செல்லுபடியாகும்படி இருக்கட்டும்.

இதெல்லாம் காகிதம். காகிதத்தைப் படித்துக்கொண்டே அம்மா உன் அறையை எட்டிப் பார்ப்பார். காலையில் மூன்று முறை எழுப்ப வேண்டிய பெண் அங்கே எப்படி எழுவாள்? இதற்கு வாதம் எடுபடாது. மூன்று மாதம் அலாரம் வைத்து நீயே எழு, உன் துணியை நீயே துவை, கைச்செலவுக்குக் கணக்கு எழுது, புதிய இடத்துக்குப் பேருந்து பிடித்துத் தனியாகப் போய்வா. "பாருங்கள், நான் மாறிவிட்டேன்" என்று சொல்லிக் காட்டாதே. அவர்களே கவனிப்பார்கள். கவனிக்கவில்லையென்றால் இன்னும் ஒரு மாதம் செய்.

பிறகு கேட்கும் நாள். "போகட்டுமா?" என்று கேட்டால் ஒரு வருடப் பிரிவுக்கும் முழுச் செலவுக்கும் அந்த நொடியே பதில் கேட்கிறாய், யாரானாலும் வேண்டாம் என்பார்கள். படிப்படியாகக் கேள். "அப்பா, இந்தத் தேதியில் ஒரு தகவல் கூட்டம் இருக்கிறது, நீங்களும் வருகிறீர்களா? அதற்கு மேல் எதுவும் இப்போது முடிவு செய்ய வேண்டாம்." கூட்டம் முடிந்ததும் விண்ணப்பிக்க மட்டும் அனுமதி. பிறகு நேர்காணல். பிறகு முன்பணம். ஒவ்வொரு படியிலும், இங்கேயே நின்றுவிட்டால் எவ்வளவு நஷ்டம் என்பதைக் கணக்குத் தாளிலிருந்து காட்டு. கூட்டத்தில் கேள்வி கேட்பதை அவர்களிடமே விடு. ஏற்கெனவே பிள்ளையை அனுப்பிய பெற்றோர் யாருடனாவது பேச முடியுமா என்று அமைப்பிடம் கேட்டு, நம்பரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நீ நகர்ந்துவிடு. இரண்டு தாய்மார் பேசிக்கொள்வதில் உனக்கு வேலையில்லை. மாமாவையோ சித்தியையோ தூது அனுப்பாதே. "ஊரெல்லாம் சொல்லிவிட்டு எங்களிடம் வருகிறாயா?" என்ற கோபத்தைத் தீர்ப்பது காய்ச்சல் கேள்வியைவிடக் கஷ்டம்.

முழு வருடத்துக்கு மறுத்தால் அரை வருடம், அதற்கும் மறுத்தால் விடுமுறையில் சில வாரத் திட்டம் என்று இறங்கி வரலாம். ஆனால் முதல் பேச்சிலேயே பேரத்தை ஆரம்பித்துவிடாதே.

இவற்றுக்கெல்லாம் நேரம் வேண்டும். பல திட்டங்களுக்குப் புறப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே விண்ணப்பம் போக வேண்டியிருக்கும். ஆகவே இன்று இரவே ஒரு வேலை செய். நீ குறித்து வைத்திருக்கும் ஒவ்வொரு திட்டத்தின் வயது வரம்பையும் எடுத்து, புறப்படும் நாளில் உனக்கு எத்தனை வயது, எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போடு. அமெரிக்க ஜே-1 திட்டங்களில் உச்ச வரம்பு பொதுவாகப் 18 வயது 6 மாதம். இந்த வருடம் வீட்டில் மறுத்தாலும் அடுத்த வருடம் கேட்க இடம் இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். இடம் இருந்தால் இப்போது அவசரப்பட்டு அழ வேண்டாம். இந்தத் தாள்களையெல்லாம் ஒரு கோப்பில் போட்டு அலமாரியில் வை, பள்ளியின் கடிதத்தை மட்டும் அடுத்த கல்வியாண்டில் புதுப்பித்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
அக்கா