உடைந்ததா, உடைத்ததா?

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. சத்தம் கேட்டு நான் போனபோது நான்கு பேர் சுவரோரமாக நின்றார்கள்.

"என்னப்பா ஆச்சு?"

"கண்ணாடி உடைஞ்சிருச்சு சார்."

"யார் உடைச்சது?"

"பந்து பட்டிருச்சு சார்."

"பந்தை யார் எறிஞ்சது?"

"கை தவறிருச்சு சார்."

கண்ணாடி வந்தது, பந்து வந்தது, கை கூட வந்துவிட்டது. கையின் சொந்தக்காரர் மட்டும் கடைசிவரை வரவில்லை.

அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆளை விட்டுவிட்டுப் பேசும் வசதியை நம் மொழியே அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. உடைந்தது, உடைத்தது. கிழிந்தது, கிழித்தது. தொலைந்தது, தொலைத்தது. தன்வினை, பிறவினை என்று வகுப்பில் நடத்துகிறோமே, அதுதான். ஒரு 'ந்' 'த்' ஆகிவிட்டால் போதும், 'யார்?' என்ற கேள்வி வந்து நிற்கிறது. 'ந்' இருக்கும்வரை அந்தக் கேள்விக்கே இடமில்லை. "பென்சில் தொலைஞ்சிருச்சு" என்று வீட்டுக்கு வரும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். பென்சிலே எழுந்து எங்கோ போய்விட்டது போலத்தான் இருக்கும்.

இதை வெறும் பேச்சு வழக்கு என்று தள்ளிவிடலாமா? கேட்லின் ஃபாஸி, லேரா போரோடிட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆங்கிலம் பேசுபவர்களுக்கும் ஸ்பானிய மொழி பேசுபவர்களுக்கும் சின்னச் சின்ன வீடியோக்களைக் காட்டினார்கள். ஒருவர் முட்டையை உடைக்கிறார், பலூனை வெடிக்கிறார். சிலவற்றில் வேண்டுமென்றே, சிலவற்றில் தெரியாமல். தெரியாமல் நடந்ததையும் ஆங்கிலக்காரர்கள் பெரும்பாலும் 'அவர் உடைத்தார்' என்றே சொல்வார்கள். ஸ்பானிய மொழியில் அந்த இடத்தில் 'உடைந்தது' என்று சொல்வது சகஜம், நம்மைப் போல. பிறகு, யார் செய்தது என்று நினைவிலிருந்து கேட்டார்கள். வேண்டுமென்று செய்தவற்றில் இரு தரப்பும் ஒரே மாதிரி நினைவு வைத்திருந்தார்கள். தெரியாமல் நடந்தவற்றில் மட்டும் ஸ்பானிய மொழிக்காரர்களுக்கு ஆள் அவ்வளவாக நினைவில்லை. பேச்சில் வராத ஆள் மனத்திலும் கொஞ்சம் மங்கிவிட்டார்.

அதே இருவர் இன்னொன்றும் செய்தார்கள். ஓர் உணவகத்தில் தற்செயலாகத் தீப்பிடித்த கதை. ஒரு குழுவுக்குத் துணி 'தீப்பற்றியது' என்று எழுதிக் கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்கு அவர் அதைத் 'தீப்பற்ற வைத்தார்' என்று. மற்றபடி சம்பவம் ஒன்றே. இரண்டாவது குழு அந்த ஆள் மீது அதிகப் பழி போட்டது, அதிக இழப்பீடும் கேட்டது. இத்தனைக்கும் இரண்டு குழுவும் ஒரே மொழிக்காரர்கள்தான். ஒரே மொழிக்குள் ஒரு வினைச்சொல் மாறினாலே தீர்ப்பு மாறுகிறது. ஆசிரியர் என்ற முறையில் எனக்கு இதுதான் உறைத்தது. "நீ உடைச்சியா?" என்று கேட்பதும் "எப்படி உடைஞ்சது?" என்று கேட்பதும் ஒன்றல்ல.

இதை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது என்பதும் உண்மை. மொழி நம் சிந்தனையை எப்படி வடிவமைக்கிறது என்று 1930களில் எழுதிய பெஞ்சமின் லீ வொர்ஃப் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பெட்ரோல் டிரம் 'காலி' என்ற சொல்லை நம்பி அதன் பக்கத்தில் புகைபிடிப்பவர்களைப் பற்றி எழுதினார்; காலி டிரம்மில் ஆவி நிறைந்திருக்கும், ஆபத்து அதில்தான் அதிகம். அருமையான கவனிப்பு. ஆனால் அவரே, அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடியினரின் மொழியில் காலத்தைக் குறிக்கும் வழியே இல்லை என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டார். 1983இல் எக்கேஹார்ட் மலோட்கி என்ற மொழியியலாளர் அந்த மொழியிலிருந்தே காலச் சொற்களைப் பக்கம் பக்கமாக எடுத்துக் காட்டினார். ஆக, மொழி சிறைச்சாலை அல்ல. தமிழில் 'உடைந்தது' இருப்பதால் தமிழருக்குப் பொறுப்பே தெரியாது என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்கு வருவேன்.

மொழி பழக்கத்தை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் பகுதியில் குக் தாயோர் மொழி பேசுபவர்கள் 'இடது, வலது' என்று சொல்வதை விட, உடம்புக்குப் பக்கத்தில் இருப்பதற்குக் கூட வடக்கு, தெற்கு என்றே சொல்கிறார்கள். அங்கே ஐந்து வயதுக் குழந்தை திசையைச் சட்டென்று கை காட்டும். நம் மூளையும் அதே மூளைதான். நம்மை யாரும் நாள் முழுக்கத் திசை கேட்டுக்கொண்டிருக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

சரி, ஏழாம் வகுப்புக்கு வருகிறேன். 'உடைந்தது', 'உடைத்தேன்' இரண்டுக்கும் நடுவில் தமிழில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது: "தெரியாமல் உடைத்துவிட்டேன்." 'உடைத்தேன்' என்பதில் கொஞ்சம் திமிர் கூடக் கேட்கலாம். அந்த 'விட்டேன்' சேர்ந்ததும், செய்தது நான், ஆனால் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்ற வருத்தமும் கூடவே வந்துவிடுகிறது. ஒரே சொல்லில் ஒப்புதலும் இருக்கிறது, மன்னிப்புக்கான கோரிக்கையும் இருக்கிறது. இந்த வாக்கியத்தைப் பிள்ளைகள் சொல்லிப் பழக வேண்டும் என்பதே என் ஆசை.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். வீட்டில் ஒரு கோப்பை உடைந்தால், "தெரியாமல் உடைத்துவிட்டேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு அடி விழுந்தால், அடுத்த முறை கோப்பை தானாகத்தான் உடையும். அதில் சந்தேகமே வேண்டாம். முதலில் கண்ணாடித் துண்டுகளைச் சேர்ந்து பொறுக்குங்கள். திட்டுவதென்றால் அப்புறம் திட்டலாம். இன்னொன்று: பெரியவர்கள் நாம் வீட்டில் எதைச் சொல்கிறோம் என்றும் பாருங்கள். "மறந்துபோச்சு", "லேட்டாயிருச்சு", "கோபம் வந்திருச்சு". கோபம் எங்கிருந்தோ வந்த விருந்தாளி மாதிரி.

எனக்கும் இதில் பங்கு உண்டு. சென்ற மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "தேர்வு அட்டவணை மாறியுள்ளது, சிரமம் ஏற்பட்டிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறேன். அட்டவணையை மாற்றியது நான்தான். இரண்டு வகுப்புகளுக்கு ஒரே நாளில் ஒரே அறையை ஒதுக்கியிருந்ததைத் தாமதமாகக் கவனித்தேன். உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்