நிலவியல் துறை பீரோவின் சாவி: துணைவேந்தர் அவர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கு,

வணக்கம். நிலவியல் துறையில் நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எத்தனையோ மனுக்கள் வந்திருக்கும். பழைய கதையை விட்டுவிட்டு, போன மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் அந்தத் துறையில் படித்தவன். இப்போது காரிமங்கலம் பக்கம் ஒரு குவாரியில் ஜியாலஜிஸ்ட். இறுதியாண்டு எம்.எஸ்சி. மாணவர்களை ஒரு கௌரவ விரிவுரையாளர் அங்கே கூட்டி வந்தார். வேன் வாடகை பிள்ளைகள் கையிலிருந்து போட்டது. அதில் ஒரு பெண் கீழே கிடந்த சில்லு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது சார்னோக்கைட்தானே? இதுல ஹைப்பர்ஸ்தீன் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. சார்னோக்கைட் ஒரு வகைப் பாறை, ஹைப்பர்ஸ்தீன் அதிலுள்ள ஒரு கனிமம். கல்லை அறுத்து, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்துச் சுற்றினால் ஹைப்பர்ஸ்தீன் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. நாங்கள் முதல் வருஷமே பார்த்தோம். அவள் பார்த்தது ஜெராக்ஸ் நோட்ஸில், கறுப்பு வெள்ளையில்.

நுண்ணோக்கி இல்லையா என்றால், இருக்கிறது. நாங்கள் குனிந்து பார்த்த அதே நுண்ணோக்கிகள், பீரோவுக்குள். கடைசிப் பேராசிரியர் ஓய்வு பெற்றபோது இருப்புப் பதிவேட்டை யாரிடம் ஒப்படைப்பது என்று கேள்வி வந்ததாம். கௌரவ விரிவுரையாளர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடக் கூடாது. நிரந்தர ஆள் இல்லை. சரி, பூட்டிவிட்டார்கள். சாவி அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறதாம். விதி எதுவும் மீறப்படவில்லை, அந்த மட்டில் சந்தோஷம்.

அந்த விரிவுரையாளரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அவர் படித்தது தொலையுணர்வு, அதாவது செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை ஆராய்வது. எடுப்பதோ பாறையியல், தொல்லுயிரியல், நிலத்தடி நீர். 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொன்ன கணக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை. அதில் பாதிகூட அவர் கைக்கு வருவதில்லை. மே மாதம் அதுவும் கிடையாது.

ஐயா, காலியிடங்களை நிரப்புங்கள். எல்லாவற்றையும் உடனே முடியாது என்றால் பாறையியலுக்கு ஒருவர், நிலத்தடி நீருக்கு ஒருவர், இந்த இரண்டையாவது முதலில்.

எந்த மண்ணில் நின்று இதைக் கேட்கிறோம் பாருங்கள். ஒகேனக்கல்லிலும் சாமல்பட்டியிலும் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை இருக்கிறது. அரூர், ஊத்தங்கரை பக்கம் மாலிப்டினம் என்ற உலோகத்தின் தாது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து நிலவியலாளர் ஹாலந்து 1893-இல் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். அந்தக் கல் நம் பிள்ளைகள் செருப்புக்கு அடியில் கிடக்கிறது. ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் கறை ஏறியவர்கள் இல்லாத தெரு எங்கள் ஊரில் இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது நல்லதுதான், ஆனால் எந்தப் பாறையிலிருந்து அந்த ஃபுளோரைடு இறங்குகிறது என்று போர்வெல் போடும் முன் சொல்ல ஆள் வேண்டாமா? சாயங்காலமானால் நெடுஞ்சாலையில் வரிசையாக லாரிகளில் கல் போகிறது. குவாரி ஏலம் தேதி தவறாமல் நடக்கிறது. கல்லைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் ஆளுக்குத்தான் அறிவிக்கை வரமாட்டேன் என்கிறது. ஒருவேளை லாரி டிரைவர்களே பாடம் எடுக்கலாம், கல்லோடு ரொம்ப நாள் பழக்கம்.

மன்னிக்கவும், எழுத வந்தது வேறு. ஆசிரியர் நியமன அறிவிக்கையை வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் வெளியிடப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாளாகும் என்றால், பதிவேட்டை வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் பெயருக்கு மாற்றி அந்த பீரோவையாவது திறக்கச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்து ஒன்று போதும்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் குவாரிக்கு அனுப்பிவையுங்கள். கல் எவ்வளவு வேண்டுமானாலும் காட்டுகிறேன். நுண்ணோக்கிதான் என்னிடம் இல்லை.

இப்படிக்கு,
துறையின் பழைய மாணவன்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்